ரத்னா பாடு, செங்கம்மாள் நிற்கிறேன்

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் எங்கள் செங்கம்மாளுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. இரும்பு ஃபாக்டரிக்குப் போகிறவர்களின் பெண்கள் நாலு பேர் அவளிடம் கணக்குப் படித்து ஒரே வருஷத்தில் காலேஜுக்குப் போயிருக்கிறார்கள், அதற்காக. மேடையில் ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பொறுமைக்கும் அடக்கத்துக்கும் மறுபெயர் செங்கம்மாள் டீச்சர்" என்றார். எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! பொறுமையாம், அடக்கமாம்! பக்கத்து நாற்காலி அம்மாள் என்னை முறைத்தாள். முறைக்கட்டும். அந்தப் பெரிய மனிதருக்குச் செங்கம்மாளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன்.

என் பெயர் ரத்னா. ஊர் ஆரணி. பொன்னேரிக்கு மேற்கே இருக்கிற ஆரணி. பட்டுப்புடவை கேட்டு யாரும் வர வேண்டாம், எங்கள் ஆரணியில் நெல்தான் கிடைக்கும். என் அப்பா ராஜமாணிக்கத்துக்கு ஆற்றோரம் நஞ்சை நிலம். அவரை நாங்கள் நைனா என்போம். நைனா ஒரு வார்த்தை சொன்னால் தெருவே தலையாட்டும், வீட்டில் நாங்களும் ஆட்டியாக வேண்டும். செங்கம்மாள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அவள் அப்பா கலியன் ஏரியில் வலை போடுகிறவர். அம்மா செல்லியம்மாள் தலையில் கூடை வைத்து ஊர் ஊராக மீன் விற்கிறவள்.

நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டது 1968 ஜூன் மாதம், கவரைப்பேட்டைப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு காலேஜில். காலேஜ் என்றதும் தூணும் மாடமும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓடாமல் கிடந்த ஒரு அரிசி மில்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுநடுவே மூங்கில் தட்டி கட்டி, வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வகுப்பில் தும்மினால் அடுத்த வகுப்பில் "நூறு வயசு" என்பார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து அவித்த நெல்லின் வாசனை வரும்.

அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் ஒரு வருஷம் பி.யூ.சி. படிக்க வேண்டும். அதில் எந்த குரூப் எடுக்கிறோமோ அதுதான் பிற்பாடு தலையெழுத்து. முதல் குரூப் என்றால் கணக்கு. இரண்டாம் குரூப் என்றால் செடி, பூச்சி, தவளை. யாருக்கு எது என்று முடிவு செய்ய ஒரு மேஜை போட்டுப் பூவராகவன் சார் உட்கார்ந்திருந்தார். எனக்கும் நைனாவுக்கும் முன்னால் வரிசையில் செங்கம்மாளும் அவள் அம்மாவும் நின்றார்கள்.

பூவராகவன் சார் அவளுடைய மார்க்கைப் பார்த்தார். கணக்கில் தொண்ணூற்றாறு. பிறகு ஊர்ப்பெயரைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"கணக்கு எதுக்கும்மா உனக்கு? ரெண்டாம் குரூப் எடுத்துக்கோ. உங்க ஆளுங்களுக்கு அறுக்கிற வேலையெல்லாம் கைப்பழக்கம். நாளைக்கு மீன் துறையிலயே ஒரு வேலை கிடைக்கும்."

மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு இன்றைக்கும் எரிவது அதுதான்.

"மீன் அறுக்கிறதுக்கு எங்க ஊட்லயே எடம் கீது சார்" என்றாள் செங்கம்மாள். "அதுக்கு இன்னாத்துக்கு பஸ் ஏறி வரணும்? எனக்கு கணக்கு குரூப்பு குடுங்க."

"அதுல இடம் முடிஞ்சுபோச்சு. அடுத்த ஆள் வாங்க."

அடுத்த ஆள் நாங்கள். நைனாவைக் கண்டதும் பூவராகவன் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். அவர் வீட்டில் வேகிற அரிசி எங்கள் களத்து அரிசி. "இவளுக்கு மொத குரூப்பு போட்டுடுங்க" என்றார் நைனா. "தவளை அறுக்கிற பொண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்?" என் கணக்கு மார்க் நாற்பத்தொன்று. முடிந்துபோன இடம் எங்கிருந்தோ முளைத்தது. என் பெயர் முதல் குரூப்பில் ஏறியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தவளைதான் வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்தே எதைப் பார்த்தாலும் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கிற புத்தி எனக்கு. ஓணானைக் கீறிப் பார்த்ததற்காக வாங்கிய அடி இன்னும் முதுகில் நினைவிருக்கிறது. கணக்கு என்றால் எனக்குக் காய்ச்சல் வரும்.

நைனா பணம் கட்டப் போனார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு அடிபம்பில் முகம் கழுவப் போனேன். அங்கே செங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானே என் எடத்தைப் பூந்து எடுத்தவ?"

"இன்னாமே, அந்த எடத்துல உன் பேரு எழுதி வெச்சிருந்துச்சா?" என்றேன். நான் மட்டும் என்ன, வாய் செத்தவளா?

"எழுதி வெக்கல. மார்க்கு வாங்கி வெச்சிருந்தேன்."

"தூக்கிக்கினு போ உன் கணக்கை! எவ கேட்டா? நான் தவளைக்குத்தான் வந்தேன். எங்க நைனாதான் இதைக் கட்டி வுட்டாரு."

அவள் கை பம்புப் பிடியிலேயே நின்றுவிட்டது. பிறகு கேட்டாள் பாருங்கள், "அப்போ மாத்திக்கலாமா?" என்று. ஏதோ வளையல் மாற்றிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

எப்படி மாற்றுவது என்று எனக்கு விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். அவர்கள் குப்பத்தில் ஏரியை இடம் இடமாகப் பிரித்திருப்பார்கள். யார் எங்கே வலை போடலாம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். விழுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். நல்ல பாடும் விழும், நண்டு கூட வராத பாடும் விழும். இரண்டு பேர் சம்மதித்தால் பாடுகளை மாற்றிக்கொள்ளலாம். ஒரு சாட்சி முன்னால் வெற்றிலை மாற்றினால் போதும், வேறு பேச்சே கிடையாது. கோபால் என்கிறவரோடு மாற்றிக்கொண்டால், அவள் அப்பா ஏரியில் இறங்கும்போது, "கோபால் பாடு, கலியன் நிக்கிறேன்" என்று நாலு பேர் காதில் விழக் கத்திவிட்டு வலையை வீச வேண்டும். மாற்றிவிட்டுப் பிறகு முடியாது என்கிறவனுக்கு அந்த வருஷம் ஏரியில் இடமே இல்லை.

"உனக்கு கணக்கு மேல இன்னா அவ்ளோ ஆசை?" என்று கேட்டேன்.

"கணக்குல சரின்னா சரி, தப்புன்னா தப்பு. நான் போட்ட கணக்கைப் பாத்துட்டு நீ எந்தக் குப்பம்னு எவனும் கேக்க முடியாது" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "கணக்கு டீச்சர் ஆவேன்னு சொல்லித்தான் எங்கப்பா ஒரு வருசம் வுட்டுருக்காரு. மீனைப் பத்திப் படிக்கிறேன்னு போய் நின்னா, அதுக்கு இன்னாத்துக்கு காலேஜுன்னு கேப்பாரு. அடுத்த மாசமே எங்க மாமன் பரசுராமனுக்குக் கட்டிக் குடுத்துடுவாங்க. அவருக்கு என் வயசுல பொண்ணு கீது."

செல்லியம்மாள் மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னோம். அவளுக்கு அதில் வியப்பாக ஒன்றும் படவில்லை. சுருக்குப்பையிலிருந்து இரண்டு வெற்றிலை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். நாங்கள் மாற்றிக்கொண்டோம். "நான் சாட்சி" என்றாள். "வாய் மாறுனவ உருப்பட மாட்டா, சொல்லிட்டேன்."

காலேஜில் இதற்கு ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது, அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. சாட்சி இருந்தது, வெற்றிலை இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

முதல் நாள் நான் இரண்டாம் குரூப்பில் போய் உட்கார்ந்தேன். தட்டிக்கு அந்தப்பக்கம் கணக்கு வகுப்பு. சேகர் சார் பெயர் கூப்பிடுகிறார். "ரத்னா" என்றதும் ஒரு குரல் மில்லையே தூக்கியது.

"ரத்னா பாடு, செங்கம்மாள் நிக்கிறேன், சார்!"

மாட்டிக்கொண்டோம் என்று நான் பெஞ்சில் குனிந்துகொண்டேன். ஆனால் சேகர் சார் பெயர் கூப்பிடும்போது தலையைத் தூக்குகிற வழக்கமே இல்லை. சத்தம் வந்தால் ஒரு டிக், அவ்வளவுதான். புது காலேஜ், தினம் ஒரு பெயர் சேரும், ஒரு பெயர் கழியும், யார் கண்டார்கள்? என் வகுப்பில் என் முறை வந்தபோது நானும் எழுந்து, "செங்கம்மாள் பாடு, ரத்னா நிக்கிறேன்" என்றேன். அவள் கத்தினாள், நான் முனகினேன். ஒரு வாரத்தில் எனக்கும் குரல் வந்துவிட்டது. பையன்கள் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அவர்களுக்கே சலித்துப்போயிற்று.

வகுப்பில் உட்காருவதற்கும் அவள் சண்டைதான் போட வேண்டியிருந்தது. பொன்னேரியில் ரயில் ஏறினால், மீன்காரி மகள் வந்துவிட்டாள் என்று ஒருத்தி தினம் முந்தானையால் மூக்கை மூடுவாளாம். அவளிடம் செங்கம்மாள், "மூக்கை மூடிக்கினு அப்படியே வாயையும் மூடிக்கோ, உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றாள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண் வேறு பெட்டி. பாடமெல்லாம் இங்கிலீஷில் நடந்தது. புரியாத இடத்தில் எல்லாரும் புரிந்த மாதிரித் தலையாட்டுவோம். இவள் மட்டும் எழுந்து, "சார், இதைத் தமிழ்ல ஒரு தபா சொல்லுங்க" என்பாள். சொல்லாவிட்டால் உட்கார மாட்டாள். மற்றவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே அந்தத் தமிழைக் காது கொடுத்துக் கேட்டார்கள். நான் மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு தவளையின் குடலைப் பற்றிப் பேசுவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவாள்.

ஆகஸ்டில் முதல் பரீட்சை வந்தது. கணக்கில் அவள்தான் முதல். விடைத்தாளின் தலைப்பில் கூட 'ரத்னா பாடு, செங்கம்மாள்' என்றுதான் எழுதியிருந்தாள். ஆனால் ஆபீஸில் நம்பரைப் பார்த்து ரிஜிஸ்தரில் இருந்த பெயரைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்: முதல் குரூப், முதல் இடம், ஆர். ரத்னா. வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத பூவராகவன் சார் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாரா? நேரே ஆரணிக்கு பஸ் ஏறிப் போய் நைனாவிடம் சொல்லிவிட்டார்.

நைனா தலைகால் புரியாமல் ஆடினார். தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். நான் லட்டை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. மறுநாள் காலை, நான் வகுப்பில் இருக்கும்போதே, ஒரு தூக்கு நிறைய லட்டோடு சேகர் சாருக்கு நன்றி சொல்லக் காலேஜுக்கு வந்துவிட்டார்.

"ஐயாவோட பொண்ணா? தங்கமான பொண்ணு!" என்றார் சேகர் சார். "ரத்னா, எழுந்திரும்மா."

செங்கம்மாள் எழுந்து நின்றாள்.

நைனாவின் முகத்தில் ஈயாடவில்லை. "இது யாரு?" என்றார். தட்டிக்கு இந்தப்பக்கம் நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

பிறகு பிரின்சிபால் அறை. பிரின்சிபால் லோகநாதன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நைனா ஒரு பக்கம், பூவராகவன் சாரும் சேகர் சாரும் ஒரு பக்கம். கவரைப்பேட்டைச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்த செல்லியம்மாளை ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து நின்றாள்.

"இது ஆள்மாறாட்டம்" என்றார் பிரின்சிபால். "ரெண்டு பேரையும் வெளியே அனுப்பலாம். மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு அவங்கவங்க குரூப்புக்குப் போறதுன்னா போங்க."

"மன்னிப்பு எதுக்கு சார்?" என்றாள் செங்கம்மாள். "திருடியிருந்தா கேக்கலாம். நாங்க மாத்திக்கினோம். ஆள் மாறுறவ பேரை மறைப்பா. நான் தெனம் என் பேரைக் கத்திக்கினுதானே இருந்தேன்? சேகர் சாரைக் கேளுங்க."

சேகர் சார் நெளிந்தார். "சொன்னா சார். தினமும் சொன்னா. நான்தான் கவனிக்கல."

பூவராகவன் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இஷ்டத்துக்கு மாத்திக்க இது என்ன உங்க குப்பமா?"

"குப்பம் இல்லைன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு சார்" என்றாள். "எங்க குப்பத்துல எடத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பாங்க. மூஞ்சியைப் பாத்துக் குடுக்க மாட்டாங்க."

பிரின்சிபால் எங்கள் இருவர் மார்க்கையும் கொண்டுவரச் சொன்னார். பார்த்தார். தொண்ணூற்றாறையும் நாற்பத்தொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பூவராகவன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார் பிரின்சிபால். குரல் தணிந்திருந்தது. "உனக்கு முதல் குரூப்புல தனியா ஒரு இடம் போட்டுத் தரேன். நீ அங்கேயே படி. ரத்னா அவங்க அப்பா சொன்ன மாதிரி முதல் குரூப்புக்கு வந்துடட்டும். மன்னிப்பும் வேண்டாம். விஷயம் முடிஞ்சது."

முடிந்ததுதான். அவள் கேட்டது அவள் கைக்கு வந்துவிட்டது. பரசுராமன் மாமன் தொல்லை விட்டது, இனி பெயரை மாற்றிக் கத்தவும் வேண்டாம். நைனா மீசையைத் தடவினார். என் தவளைதான் போயிற்று. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அவளும் வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

செங்கம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம் சார்" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"எனக்குக் குடுத்துட்டு இவளுதைப் பிடுங்குனா நான் வாய் மாறுனவ ஆயிடுவேன். இவ இவங்க நைனாவுக்குக்கூடப் பயப்படாம எனக்கு எடம் குடுத்தா. குடுத்தா ரெண்டு பேருக்கும் குடுங்க. இல்லைன்னா நான் ஊட்டுக்குப் போறேன்."

அந்த ஊட்டுக்குப் போனால் என்ன காத்திருக்கிறது என்று அங்கே இருந்தவர்களில் மூன்று பேருக்குத்தான் தெரியும். செல்லியம்மாளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள். ஆனால் மகளிடம் 'வாங்கிக்கோடி' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாட்சி அவள்தானே.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நானும் கணக்குக்குப் போக மாட்டேன், நைனா" என்றேன். "எனக்கு அது வராது. நாப்பத்தொண்ணைப் பாத்தீங்க இல்ல? எனக்குத் தவளைதான் வேணும்."

"ஊட்டுக்கு வா, காலை ஒடிக்கிறேன்! படிப்பும் வேணாம், ஒரு எழவும் வேணாம்!" என்று நைனா எழுந்தார்.

"கூட்டிக்கினு போங்க ஐயா" என்றாள் செல்லியம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நாளைக்கு நான் ஆரணி பக்கம்தான் மீன் கொண்டாறேன். ஊரெல்லாம் லட்டு குடுத்தீங்களாமே? கணக்குல மொதலா வந்த பொண்ணை இன்னாத்துக்கு நிறுத்திட்டாருன்னு நாலு பேர் கேப்பாங்க. நான் பொய் சொல்லத் தெரியாதவ."

நைனா எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். பிரின்சிபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கைக்குட்டையை எடுத்து மீசையைத் துடைத்துக்கொண்டார். நைனா என்னைப் பார்த்தார், செல்லியம்மாளைப் பார்த்தார், கையிலிருந்த லட்டுத் தூக்கைப் பார்த்தார். கடைசியில் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"தவளை அறுக்கிறது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார்.

தெரியவில்லை. நான் தவளையைக் காட்டிப் பாடம் சொல்லித்தான் இன்று சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் ஆரணியில் பாதிப் பேர் என்னைக் கணக்கில் புலி என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த லட்டுத் தூக்கை நைனா பிரின்சிபால் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். மன்னிப்பை நாங்கள் எழுதவும் இல்லை, பிறகு யாரும் கேட்கவும் இல்லை. அன்று சாயங்காலமே ரிஜிஸ்தரில் எங்கள் பெயரை அடித்து மாற்றி எழுதினார்கள்.

பொறுமையாம், அடக்கமாம்! பொறுமையாக இருந்திருந்தால் இன்று பரசுராமன் வீட்டில் மீன் அறுத்துக்கொண்டிருப்பாள், அந்த நாலு பெண்களும் எங்கேயோ இருந்திருப்பார்கள். இதை அந்த மேடையில் சொல்ல எனக்கு யாரும் மைக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை நான் என் பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தட்டிப்பக்கம் வைத்துக்கொண்டேன். சேகர் சார் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தினார். தலையைத் தூக்கி ஆளைப் பார்த்துவிட்டுத்தான் டிக் போடுகிறார் என்று தெரிந்தது.

"செங்கம்மாள்" என்றார்.

இனி 'பிரசன்ட் சார்' என்று சொன்னால் போதும். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிட்டாள்.

"செங்கம்மாள் பாடு, செங்கம்மாள் நிக்கிறேன், சார்!"